ரிபன் கட்டிய தராசு

— கத்திரிக்கோல் ஒங்கட மேசையிலதான் ஈக்கு, வதனா மிஸ். ரிபன வெட்டுறண்டா நீங்களே வெட்டுங்க. நான் கை வெக்க மாட்டன்.

— ஷஹ்மா, நான் உம்மோட சண்டை பிடிக்க மேல ஏறி வரேல்லை. பிள்ளையள் எல்லாம் போட்டினம். வாச்சர் கேற்றில சாவியோட நிக்கிறார். ஒரு ரிபன். அதை அவிழ்த்து, இந்தத் தராசைத் தூக்கி ஸ்ரோருக்குள்ள வச்சமெண்டா நாங்களும் வீட்ட போகலாம்.

— எனக்கு அவசரமில்ல. மடவளை பஸ் இன்னும் ஓடுது.

— நாளைக்குக் காலமை தேயிலைத் தோட்டக் கம்பனியில இருந்து வருகினம். டிரெக்டரும் வாறார். எங்கட சிறுவர் மியூசியத்தின்ர இந்தத் தேயிலை மூலை முழுக்க அவையின்ர காசில செய்தது. கூடை, துணியில தைச்ச கொழுந்து, தோட்டத் துரையின்ர தொப்பி, சின்ன ஃபக்டரி, தராசு, எல்லாம். இப்ப அவர் கேக்கிறது ஒண்டே ஒண்டு. தராசு இருக்கக்கூடாது.

— தந்ததும் அவரு, எடுக்கச் செல்றதும் அவரு. அவருக்கும் ஒரு கூடையக் குடுத்து மலைக்கி அனுப்புவமா?

— பகிடி விடாதேயும். ரிபன் அவிழாட்டி உம்மட இடத்துக்கு வேற ஆளைப் பாக்கட்டாம். மியூசியம் சபையில எல்லாரும் தலையாட்டிப்போட்டினம். விளங்குதோ? நாளையில இருந்து நீர் இஞ்ச இல்லை.

— வெளங்குது. வாப்பாவுக்குச் சந்தோசமா ஈக்கும். ‘எண்ட மக கண்டியில மண்ணு விளையாடப் போறா, அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்க’ண்டு கடைக்கி வாற எல்லாரிட்டயும் செல்லிச் சிரிக்கிற மனிசன். நாளைக்கி கடையில ஒரு பக்கமா ஒக்காந்து புடவைத் துணி வெட்டச் செல்லுவாரு.

— அப்ப ஏன் அடம்பிடிக்கிறீர்?

— சுவரப் பாருங்க மிஸ். மூணு பாஷையில எழுதி ஈக்கு. ‘விளையாட்டைத் தொடங்கிய பிள்ளையே அதை முடிக்கும்.’ ஆரு எழுதின?

— நான்தான். எனக்கே வாசிச்சுக் காட்டுறீரோ?

— ஒங்களுக்குத்தான் காட்ட வேண்டி ஈக்கு. ஒவ்வொரு புள்ளயும் போகக்குள்ள கேக்குறம், முடிஞ்சிச்சாண்டு. முடிஞ்சிச்சிண்டா எடுத்து அடுக்குறம். இல்லண்டா செவப்பு ரிபன் கட்டுறம். அந்தப் புள்ள திரும்பி வந்து முடிஞ்சிச்சிண்டு செல்ற வரைக்கும் ஒருத்தரும் தொட ஏலாது. கலகெதர இப்ஹாம் கட்டின பாலம் எவ்வளவு நாள் அங்கனயே நிண்டிச்சி?

— அவனுக்குக் கூகைக்கட்டு வந்திட்டுது.

— கூகைக்கட்டு சொகமாகி வாற வரைக்கும் நிண்டிச்சி. கூட்டுற துஷானி ஒவ்வொரு நாளும் ஏசி ஏசி அதச் சுத்திக் கூட்டினா. நீங்க பேப்பர்காரங்களக் கூட்டிக்கிட்டு வந்து பாலத்துக்குப் பக்கத்துல நிண்டு போட்டோ எடுத்தீங்க. பாலத்துக்கு ஒரு சட்டம், தராசுக்கு ஒரு சட்டமா?

— பாலம் ஒருத்தரையும் நோகப்பண்ணேல்லை.

— தராசு ஆர நோகப் பண்ணின?

— அதைத்தான் நான் கேக்க வந்தனான். அண்டைக்கு நான் கொழும்பில. நீர்தான் இஞ்ச நிண்டனீர். தொடக்கத்தில இருந்து வடிவாச் சொல்லும். நாளைக்கு அந்த மனிசருக்கு முன்னால நான்தானே நிண்டு கதைக்கவேணும்.

— சரி, கேளுங்க. அண்டைக்கி ரெண்டு ஸ்கூல் ஒண்டா வந்திச்சி. ஒண்டு புசல்லாவையில இருந்து, அந்தக் கம்பனிட தோட்டத்து ஸ்கூல், தியாகராஜா சேரோட. மத்தது டவுன்ல ஈக்கிற பெரிய இங்கிலிஷ் ஸ்கூல். தேயிலை மூலைக்கி வந்தோடன டவுன் புள்ளையள் எல்லாம் தொரைட தொப்பிக்குப் பாஞ்சாங்க. அவங்கட மிஸ் ஒருத்தி தோட்டத்துப் புள்ளையளப் பாத்து, ‘நீங்க கூடையப் போடுங்க, ஒங்களுக்குத்தான் இது நல்லா வரும்’ண்டா. நல்ல மனசோடதான் சொன்னா. மொகமெல்லாம் சிரிப்பு.

— ஐயோ.

— அந்தப் புள்ளையளும் கூடைய எடுக்கப் போனாங்க மிஸ். பழகின மாதிரி. அப்ப நிதுஷிகாண்டு ஒரு புள்ள, ஒல்லி, ரெட்டப் பின்னல். நேரா வந்து தொப்பிய எடுத்தா, தலையில போட்டா. ஆரையும் கேக்கல்ல, ஆரையும் தள்ளல்ல. தராசுக்குப் பொறத்தால போய் நிண்டுக்கிட்டு, கூடையள ஒவ்வொண்டா எடுத்து டவுன் புள்ளையளிட்ட நீட்டினா. அவளுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி. மலைக்கிப் போங்கண்டா. போய்ட்டாங்க.

— எல்லாருமோ?

— எல்லாரும். அந்தத் தொப்பிக்கி என்ன மருந்து போட்டிருந்தாங்களோ தெரியா.

— நீர் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லையோ? ஒரு சொல்லு? டிரெக்டர் நீர்தான் சொல்லிக்குடுத்தனீர் எண்டு நிக்கிறார்.

— நான் மூச்சுக்கூட விடல்ல. பறிச்சிட்டு வந்தாங்க. அவ தராசுல போட்டு நிறுத்தா. ஒவ்வொரு கூடையில இருந்தும் ஒரு பிடி அள்ளி, காலடியில ஈந்த சாக்குக்குள்ள போட்டா. ஏண்டு கேட்டாங்க. ஈரத்துக்குக் கழிவுண்டா.

— துணிக் கொழுந்தில ஈரமோ?

— அதத்தான் ஒரு புள்ள கேட்டா. துணி காஞ்சிதானே ஈக்குண்டு. அதுக்கு இவ, ‘தொரை ஈரம்னா ஈரந்தான்’.

— சிரிக்காதேயும் ஷஹ்மா.

— நீங்கதான் சிரிக்கிறீங்க.

— நான் சிரிக்கேல்லை. பிறகு?

— அடுத்த கூடையில சாக்குட பாரத்துக்குக் கழிவு. அதுக்கு அடுத்ததுல முத்தல் இலைக்கி. கண்ணாடி போட்ட ஒரு டவுன் பொடியன் ஈந்தான். மத்தவங்க ஓடி விளையாடக்குள்ள அவன் மட்டும் குனிஞ்சி ஒவ்வொரு செடியாப் பறிச்சான். கூடை நெறஞ்சி வழியிது. அவன்ட கூடையிலதான் கூட அள்ளினா. அவன் அழுதாண்டு அவர் செல்றது பொய் மிஸ். அவன் அழவே இல்ல. மத்த எல்லாரும் தண்ணிச் சக்கரத்துக்குப் போனப்பொறகும் அவன் தராசுக்கிட்டயே நிண்டான். ரெண்டு பேரும் தலைய ஒண்டா வெச்சி என்னமோ கதச்சாங்க. நான் கிட்டப் போகல்ல.

— ஏன் போகேல்லை?

— நீங்கதான் செல்லித் தந்தீங்க, புள்ளையள் மெதுவாக் கதைக்கக்குள்ள பெரிய ஆக்கள் கிட்டப் போகப்படாதுண்டு. அப்ப பஸ் ஹோர்ன் அடிச்சிச்சி. போகக்குள்ள கேட்டன், முடிஞ்சிச்சாண்டு. இல்ல மிஸ்ஸுண்டா. ரிபன் கட்டினன். இவ்வளவுதான் நடந்த.

— அந்தக் கண்ணாடி போட்டவன்தான் டிரெக்டரின்ர மகன்.

— தெரியும். நீங்க போன்ல கத்தக்குள்ள கேட்டன்.

— நான் கத்தேல்லை, அவர்தான் கத்தினவர். தன்ர மகனைக் கூலியாக்கி, ஏமாந்து நிக்க வச்சு அனுப்பியிருக்கிறமாம். சோத்துக்கு இருந்தாலும் அவன் அதே கேள்வியைத்தான் கேக்கிறானாம். என்ன கேள்வி எண்டு கேட்டன். உடன போனை வச்சிட்டார்.

— கேள்வி கேக்குறதுக்குத்தானே மிஸ் இப்படி ஒரு எடம். தொறந்த அண்டைக்கி மைக்குல நீங்க சொன்ன.

— மைக் வேற, போன் வேற. சபையில நவரட்ணராஜா ஐயா ஒரு வழி சொன்னவர். தராசில பிள்ளையளின்ர விரல் நசிஞ்சுபோகும், அதால எடுக்கிறம் எண்டு சொல்லுவமாம். ஒருத்தருக்கும் பிழை வராது.

— துணிய நிறுக்கிற தராசுல விரல் நசியுமா?

— எனக்கும் தெரியும், நசியாது.

— எடுத்துட்டு அந்த எடத்துல என்ன வெக்கிறாங்க?

— ஒரு பலகை அனுப்புகினம். கொழுந்து பறிக்கிற பொம்பிளையின்ர படம். முகம் இருக்கிற இடத்தில ஓட்டை. பிள்ளையள் அதுக்குள்ள முகத்தை வச்சுப் படம் எடுக்கலாம்.

— ஓட்டைக்குள்ள தலையப் போட்டுச் சிரிக்கிறது. அதுவும் விளையாட்டுத்தான். நிறுக்கத் தேவையில்ல, கழிக்கத் தேவையில்ல, கேக்கத் தேவையில்ல.

— ஷஹ்மா.

— நீங்க என்ன வேலைக்கி எடுத்த நாள் ஞாபகம் ஈக்கா? சேர்ட்டிபிகேட் எல்லாம் ஃபைல்ல போட்டு, புது அபாயா ஒண்டு உடுத்திக்கிட்டு வந்தன். நீங்க ஃபைலத் தொடல்ல. ஒரு பெட்டி மரக்கட்டையத் தரையில கொட்டிட்டு, கொஞ்சத்தால வாறன்ண்டு போய்ட்டீங்க. நான் மொதல்ல கதிரையில மரியாதையா ஒக்காந்திருந்தன். பொறகு கீழ எறங்கிட்டன். நீங்க திரும்பி வரக்குள்ள அலுமாரி ஒசரத்துக்கு ஒரு ஊரு கட்டி ஈந்தன். பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டீங்க. இன்னும் முடியல்லண்டன். அதக் கேட்டுத்தான் என்ன எடுத்தீங்க.

— ஓம். அதைக் கேட்டுத்தான் எடுத்தனான்.

— இப்ப அதையே செல்றன். இன்னும் முடியல்ல.

— பிள்ளை, நான் சொல்லுறதையும் கேளும். மேல்மாடிக்குக் கரண்ட் வயர் இழுத்துத் தந்தது அவர். தோட்டத்துப் பிள்ளையளைக் கூட்டியாற பஸ் அவர் தாறது. நிதுஷிகா வந்ததே அந்த பஸ்சிலதான். அவர் கையை எடுத்தா அவளுக்குப் பின்னால வரவேண்டிய பிள்ளையள் ஒருத்தரும் வராயினம். பிறகு இந்த இடம் டவுன் பிள்ளையளின்ர பேர்த்டே மண்டபமாப் போகும். நீர் ஒரு பிள்ளையின்ர விளையாட்டைக் காப்பாத்திறீர். நான் வாசலைத் திறந்து வச்சிருக்கப் பாக்கிறன்.

— இது நல்ல பேச்சு மிஸ். நீங்க செல்றது சரிதான்.

— அப்ப?

— சரிதான். ஆனா அவுக்க மாட்டன்.

— இதென்ன கதை?

— அந்தத் தொப்பியோட நிக்கக்குள்ள அவள்ட மொகத்த நீங்க காணல்ல. வெற்றி வந்த மொகம் இல்ல அது. இருட்டுல ஒரு கதவத் தடவிக் கண்டுபிடிச்சவங்க, தெறக்கிறதா வேணாமாண்டு நிப்பாங்களே, அந்த மாதிரி. பாதியில பஸ் ஏறிட்டா. திரும்பி வந்து பாக்கக்குள்ள அங்க ஓட்டை போட்ட பலகை ஈந்தா என்ன நெனப்பா? பெரிய ஆக்கள் பொறகு பாப்பம், பொறகு பாப்பம்ண்டு செல்ற மத்த எல்லாத்தையும் போல இதுவும் போச்சிண்டு நெனப்பா. அதுக்கு நான் கை குடுக்க மாட்டன். ஒங்களுக்குப் பயமா ஈந்தா பயம்ண்டு செல்லுங்க.

— பயம்தான். ஏன் ஒளிக்க? ஆனா நீர் சட்டம் கதைக்கிறீர், நானும் சட்டப்படியே வாறன். பிள்ளை முடிஞ்சுது எண்டு சொன்னா ரிபனை அவிழ்ப்பீர்தானே?

— அவ சொன்னா நானே அவுப்பன்.

— நேரில வந்துதான் சொல்லவேணும் எண்டு சுவரில எழுதியிருக்கோ?

— இல்ல.

— அப்ப தியாகராஜா சேருக்குப் போன் எடுக்கிறன். அவற்ற வீடு அவளின்ர லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலதான். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுறன்.

— மிஸ், இது களவு விளையாட்டு.

— என்ன களவு? நான் எழுதினதை வச்சு என்னை மடக்கினீர். அதை வச்சே நானும் உம்மை மடக்கிறன்.

— சின்னப் புள்ள மிஸ். கண்டியில இருந்து ஒரு மிஸ் போன் எடுத்துக் கேட்டா, பயத்துல எதுக்கும் ஆமண்டுதான் செல்லும்.

— பிள்ளை வந்தவுடன ஸ்பீக்கரில போடுறன், நீரும் கேளும். அவளின்ர வாயில நான் ஒரு சொல்லுக்கூட வைக்கமாட்டன்.

— வெச்சா போனப் பறிப்பன்.

— பறியும்... ஹலோ, தியாகராஜா சேரோ? வணக்கம் சேர், கண்டி சிறுவர் மியூசியத்தில இருந்து வதனா. இல்லையில்லை, முறைப்பாடு ஒண்டும் இல்லை. உங்கட நிதுஷிகாவோட ஒருக்காக் கதைக்கலாமோ எண்டு... என்ன சேர்? மன்னிப்புக் கேக்க வச்சனீங்களோ? ஆரிட்ட? காலைக் கூட்டத்திலயோ, முழு ஸ்கூலுக்கும் முன்னால? ஆர் சொல்லி? ஓ, உங்களுக்கும் எடுத்தவையோ. இல்லை சேர், உங்களில நான் பிழை சொல்லேல்லை. நீங்கள் என்ன செய்யிறது. ஓம், கூப்பிடுங்கோ. நான் நிக்கிறன்.

— என்ன மிஸ்? எதுக்கு மன்னிப்பு?

— மரியாதை இல்லாம விளையாடினதுக்காம். கம்பனியில இருந்து அவருக்கும் போன் போயிருக்கு.

— மரியாதை இல்லாம விளையாடின. யா அல்லாஹ். இப்ப கேளுங்க மிஸ், முடிஞ்சிச்சாண்டு. ஒடனே முடிச்சித் தருவா. நீங்க வெண்டுட்டீங்க.

— சத்தம் போடாதேயும், வாறா போல கிடக்கு. ஸ்பீக்கரில போடுறன்.

— ஹலோ. மிஸ், நான் நிதுஷிகா பேசுறேன்.

— வணக்கம் பிள்ளை. நான் வதனா மிஸ். நீர் வரேக்க நான் அங்க இருக்கேல்லை.

— மிஸ், நான் மன்னிப்பு கேட்டுட்டேன். எல்லாருக்கும் முன்னாடி கேட்டேன். ஒங்ககிட்டயும் கேக்கணுமா?

— இல்லையம்மா. ஒருக்காலும் இல்லை. நான் அதுக்கு எடுக்கேல்லை.

— தராசு ஒடஞ்சிருச்சா? நான் ஒடைக்கல்ல மிஸ். மெதுவாதான் வச்சேன்.

— உடையேல்லை. இருந்த மாதிரியே இருக்கு. ஷஹ்மா மிஸ் கட்டின ரிபனும் இருக்கு. அவ எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறா.

— ரிபன் இன்னும் இருக்கா? நெசமாவா?

— நெசந்தான் மகள். ஒருத்தரும் தொடல்ல. தொப்பியும் நீங்க வெச்ச எடத்துலயே ஈக்கு.

— ஷஹ்மா மிஸ்ஸா? நான் எடுத்துருப்பீங்கன்னு நெனச்சேன். பெரியவங்க வந்து எல்லாத்தையும் எடுத்துருவாங்க, இனி அதைப் பேசாதன்னு சாரு சொன்னாரு.

— நிதுஷிகா, நான் உம்மட்ட ஒண்டு கேக்கப்போறன். உமக்கு எது சரியெண்டு படுதோ அதைச் சொல்லும். எனக்காகவும் வேண்டாம், சேருக்காகவும் வேண்டாம். உம்மட விளையாட்டு முடிஞ்சுதோ?

— இல்ல மிஸ்.

— ஏனம்மா?

— அந்தக் கண்ணாடி போட்ட தம்பி ஒண்ணு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல்ல. தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன். அவரும் அவங்க வீட்ல கேட்டுட்டு வாறேன்னாரு. அதுக்குள்ள பஸ் வந்திருச்சு. ரெண்டு பேருல யாருக்குத் தெரிஞ்சாலும் அப்பதான் முடியும் மிஸ்.

— என்ன கேட்டவர்?

— கழிச்ச கொழுந்து எங்க போகுதுன்னு.

— சாக்குக்குள்ள அள்ளிப் போட்டீரே, அதுவோ?

— ஆமா மிஸ்.

— சொல்லும் பிள்ளை.

— நான் கோவத்துல கழிக்கல்ல மிஸ். சாரு நான் பழிவாங்குனேன்னு சொல்றாரு. எனக்கு அப்படியெல்லாம் இல்ல. தராசுன்னா நிறுத்துட்டு கழிக்கணும்னுதான் நெனச்சேன். எங்க மலையில அப்படித்தான். கழிக்காம நிறுக்கலாம்னே எனக்குத் தெரியாது. அந்தத் தம்பிதான் சாக்கைத் தூக்கிப் பாத்துட்டு, இதுவும் ஃபெக்டரிக்குத்தானே போகும், அப்ப இது யாரு பறிச்சதுன்னு கேட்டாரு.

— அதுக்கு நீர் என்ன சொன்னீர்?

— தெரியாதுன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். அம்மா சோறு ஆக்கிக்கிட்டு இருந்தாங்க. கரண்டியக் கீழ வச்சுட்டாங்க. அவங்களுக்கும் தெரியல்ல. அம்மா லயத்துல பக்கத்து காம்புரா அக்காகிட்ட கேட்டாங்க. அந்த அக்கா மத்தவங்ககிட்ட கேட்டாங்க. இப்ப எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க மிஸ். மலையில தராசுகிட்டயே நின்னு கேட்டிருக்காங்க. பதில் வாற வரைக்கும் கூடைய எறக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்.

— தோட்டத்திலயோ? உண்மையான தராசிலயோ?

— ஆமா மிஸ். யாரும் பதில் சொல்லல்ல. அடுத்த நாளுதான் என்னை மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. மலையில கேட்ட கேள்விக்குத்தான் அதுன்னு அம்மா சொன்னாங்க.

— கேட்டீங்களா வதனா மிஸ்? நாளைக்கி அவர் வாறது மகன் சோத்துல கேட்ட கேள்விக்கில்ல, மலையில கேட்ட கேள்விக்கி.

— கேட்டன். பொறும் ஷஹ்மா. என்னைக் கொஞ்சம் இருக்க விடும். கதிரையைத் தாரும்.

— இந்தாங்க. சின்னப் புள்ளைட கதிரைதான் ஈக்கு.

— பரவாயில்லை.

— மிஸ், நான் முடிஞ்சிருச்சுன்னு சொல்லணுமா? அதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா? சாரு வாசல்லயே நின்னுக்கிட்டு என்னையே பாக்குறாரு. அவரு பாவம் மிஸ், அவரை வேற ஸ்கூலுக்கு மாத்திருவோம்னு சொல்லிருக்காங்க. நான் சொன்னா எல்லாருக்கும் நல்லதுன்னா சொல்லிர்றேன்.

— செல்லிடுவா. மிஸ், செல்லிடுவா. நான் இனி ஒண்டும் கேக்க மாட்டன். அவ சொன்னா சட்டப்படி அவுத்துட்டு மடவளைக்கிப் போறன். ஒங்கட கையிலதான் ஈக்கு.

— நிதுஷிகா, வடிவாக் கேளும் அம்மா. நாளைக்குக் காலமை இஞ்ச ஆக்கள் வருவினம். அவைக்கு முன்னால வச்சு நான் திரும்ப உமக்குப் போன் எடுக்கவேண்டி வரும். என்ர குரல் இப்ப மாதிரி இருக்காது. நல்ல மாதிரிக் கதைப்பன், பஸ் வரும், பரிசு வரும் எண்டெல்லாம் சொல்லுவன். சேர் சொன்னாலும் சரி, அந்தத் தம்பியின்ர அப்பா கேட்டாலும் சரி, நானே அழுது கேட்டாலும் சரி, முடிஞ்சுது எண்டு மட்டும் சொல்லாமல் இருப்பீரோ?